மறுத்ததற்கான காரணம்

சாக்குப்பையைத் தபால்காரி தரையில் போட்ட வேகத்தில் ஆரஞ்சு நிற ரிப்பன் சுருள்கள் இரண்டு வெளியே உருண்டு ஓடின. பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்த அவள் புருஷன் சோப்பும் கையுமாக எட்டிப் பார்த்தான்.

“என்ன, வரும்போதே மூஞ்சி சரியில்ல?”

“நம்ம தெருவுல ஒரு ரிப்பன்கூடக் கட்டக் கூடாதாம். ஓட்டத்துக்கு வழியை மாத்திட்டாங்க.”

சுவரில் ஒரு காலை ஊன்றி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். பத்தொன்பது வயது. அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாள். தெருவே அவளை வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடும்.

“மாத்திட்டாங்கன்னா? நம்ம தெருவை விட்டா அந்தப் பக்கத்து மலைக்கு வழி ஏது? பறந்து போவாங்களாமா?”

“மொட்டைப்பாறை மேல ஏறி, சுத்தி வந்து, நம்ம தெருவுக்குப் பின்னால இறங்கணும். மூணு கிலோமீட்டர் கூடுதல்.”

“அந்தச் சரிவுல ஆடுகூட யோசிச்சுத்தான் கால் வைக்கும் அண்ணி!”

“அதை ஏன் எங்கிட்டச் சொல்ற? நானா வழி போட்டேன்?”

மலைப்பாதை ஓட்டம் என்பது அந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய விஷயம். மேல்தெருப் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, ஐந்து கிராமங்களையும் இரண்டு மலைகளையும் சுற்றி, அதே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். இருபத்து நாலு கிலோமீட்டர். இரண்டு மலைகளுக்கும் நடுவே ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட சமதளத்தில் ஒரே ஒரு தெரு, ஐம்பது வீடுகள். தோலை ஊற வைப்பதும் சுரண்டுவதும் காய வைப்பதும் அந்தத் தெருக்காரர்களின் வேலை. அவர்களுடைய பாட்டன் காலத்திலும் அதுதான் வேலை.

மூன்று வருஷமாக ஓட்டம் அந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று. தெருக்காரர்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். கைதட்டலோடு நின்றிருந்தால் வம்பில்லை. இந்த வருஷம் இரண்டு தப்புச் செய்தார்கள். தங்கள் தெருவிலும் ஒரு தண்ணீர் மேசை போட அனுமதி கேட்டு எழுதினார்கள். தங்கள் தெருப் பெண் ஒருத்தியின் பெயரையும் ஓட்டத்துக்குக் கொடுத்தார்கள்.

பெயரை மறுக்க விதியில் இடமில்லை. தண்ணீரை மறுக்க விதியே தேவையில்லை, வழியை மாற்றினால் போதும். ‘தோல் தொட்டிகளின் வாடை ஓடுபவர்களின் மூச்சுக்கு உகந்ததல்ல’ என்று ஓட்டக் குழுவின் தலைவர் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார். அவர் மேல்தெருவில் மரக்கடை வைத்திருப்பவர். அதை எழுதும்போது அவர் இடுப்பில் தோல் பெல்ட்டும் காலில் தோல் செருப்பும் இருந்தன. அவை இரண்டும் அவர் மூச்சை ஒன்றும் செய்யவில்லை.

“கட்டச் சொன்ன இடத்துல கட்டிட்டு வா,” என்றான் புருஷன், மறுபடி சோப்புப் போட்டுக்கொண்டே. வேலை விட்டு வந்தால் மூன்று தடவை கை கழுவுவான், ஆனாலும் சாப்பிடும்போது முகர்ந்து பார்த்துக்கொள்வான். “உன் உத்தியோகமே மேல்தெருவுல போய் வர்றதுதான். அவங்களைப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு எந்த முகத்தோட தபால் குடுப்ப?”

“இப்ப மட்டும் முகத்தைப் பார்த்தா வாங்குறாங்க?” என்றாள் வெட்டுக்கிளி.

புருஷன் கையை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுத் துண்டைத் தேடினான்.

மேல்தெருவில் ஒவ்வொரு வீட்டுப் படிக்கும் கீழே ஒரு தட்டைக் கல் கிடக்கும். தபால்காரி கடிதத்தை அதன்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு வீட்டில், “படியேறிச் சிரமப்பட வேண்டாம்மா, கல்லு மேலயே வச்சிடு” என்றார்கள். அடுத்த வீட்டில், “நாய் கடிக்கும்” என்றார்கள். அந்த வீட்டில் நாயே கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதினாறு வீட்டுக்கும் பதினாறு கல் வந்துவிட்டது. எதற்காக என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பதினாறு தடவை குனிந்து நிமிர்கிறாள்.

பதிவுத் தபால் வந்தால்தான் கொஞ்சம் சிக்கல். அதைப் பெயருக்குரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது தபால் விதி. அவள் கடிதத்தையும் கையெழுத்துப் புத்தகத்தையும் பேனாவையும் கல்மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். அவர்கள் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். விதியை அவள்தான் வளைத்துக் கொடுத்தாள். அந்தப் புத்தகத்தில் ‘வாங்க மறுத்தால், காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருஷத்தில் அதில் ஓர் எழுத்துகூட விழுந்ததில்லை.

இவ்வளவுக்கும் ஓட்டப் பாதைக்கு ரிப்பன் கட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஐந்து கிராமத்து ஒற்றையடிப் பாதைகளும் அவள் ஒருத்தியின் காலுக்குத்தான் தெரியும். காலை வேண்டும் என்றவர்களுக்குக் கை மட்டும் ஆகவில்லை.

மறுநாள் விடிந்ததும் மொட்டைப்பாறைக்குப் போனாள். புதருக்குப் புதர் ரிப்பன் கட்டிக்கொண்டே ஏறினாள். வெட்டுக்கிளி கூடவே வந்து, அண்ணி ஒரு முடிச்சுப் போடுவதற்குள் மேலே ஓடிக் கீழே இறங்கினாள். பெண்களில் முதலில் வருபவளுக்குத் தலைநகரத்து ஓட்டப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷம் தங்கிப் பயில இடம் கிடைக்கும். அந்த இடத்தைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. அது கிடைக்காவிட்டால் தொழிற்சாலையில் ஈரத் தோலைப் பலகையில் விரித்து முடி சுரண்டும் வேலை. ஏற்கெனவே இரண்டு வருஷம் சுரண்டியாயிற்று. அங்கே எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

நாலாவது முறை இறங்கி வந்தபோது மூச்சு வாங்க நின்றாள். “அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா? தண்ணி மேசை எல்லாம் பழைய இடத்துலயே இருக்கு. பாறைக்கு முந்தின கிராமத்தை விட்டா அடுத்தது அந்தப் பக்கத்து மலை உச்சியிலதான். நடுவுல இந்தப் பாறை வேற. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.”

தபால்காரி கையில் இருந்த ரிப்பனோடு கீழே பார்த்தாள். சரிவு முடியும் இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, அவர்கள் தெருவின் பொதுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வழியை மூன்று கிலோமீட்டர் இழுத்தவர்கள் தண்ணீர் மேசையை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. தோல் தெருவை ஒதுக்கவேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்தவர்களுக்கு, ஓடுபவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலையே பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள். அவர்தான் குழுவின் செயலாளர். நல்ல மனுஷன், ஆனால் நல்லவராக இருப்பதை வீட்டோடு வைத்துக்கொள்பவர். “தலைவர்கிட்டச் சொல்றேம்மா,” என்றார். சொல்லவில்லை.

ஓட்டத்தன்று காலை எட்டரை மணிக்கே பாறை சுட்டது. தபால்காரிக்குச் சரிவின் அடியில் கொடி பிடித்து வழி காட்டும் வேலை. தெருக்காரர்கள் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள், பாதைக்கு வரக் கூடாது என்று குழு சொல்லியிருந்தது. அவள் புருஷனும் அரைநாள் லீவு போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஓர் ஓரமாக நின்றான்.

பெண்களில் வெட்டுக்கிளிதான் முதலில் தெரிந்தாள். சறுக்குகிற கல்லில் நின்றால்தான் விழுவோம் என்று தெரிந்தவளாகத் தாவித் தாவி இறங்கினாள். உதடு வெடித்திருந்தது. ரிப்பனைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். நாற்பது அடி ஓடிப் போய்க் குனிந்து குடித்தாள், தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள், திரும்பிப் பாதைக்கு வந்து ஓடினாள். தெருவே கத்தியது. அண்ணன்காரன் கத்தவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் குழாயைப் பார்த்தார்கள். முதலில் ஒருவன் தயங்கினான். தாகம் தயக்கத்தைவிடச் சீக்கிரம் முடிவெடுக்கும். ஒருவன் போனதும் மற்றவர்களும் போனார்கள். வெட்டுக்கிளியோடு சேர்த்துப் பத்துப் பேர். வாடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்தவள் மரக்கடைக்காரரின் மகள். பெண்களில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். சரிவின் அடியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குழாய் வரை போக அவளால் முடியவில்லை. தபால்காரி கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினாள்.

அந்தப் பெண் இரண்டு கையாலும், செம்பைப் பிடித்திருந்த கையையும் சேர்த்தே பிடித்துக் குடித்தாள். “இன்னும் கொஞ்சம் குடுங்கக்கா,” என்றாள். தபால்காரி மூன்று செம்பு கொடுத்தாள், குடித்துவிட்டு அந்தப் பெண் எழுந்து மறுபடி ஓடினாள். மேல்தெருவிலிருந்து ஒருவர் தன்னை அக்கா என்று கூப்பிட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அன்று பூராவும் அந்தச் சொல் அவளோடு நடந்தது.

வெட்டுக்கிளி ஏழு நிமிஷ வித்தியாசத்தில் பெண்களில் முதலாவதாக வந்தாள். ஏழு நிமிஷம் என்பது ஓட்டத்தில் ஒரு யுகம். மைதானத்தில் கைதட்டல் தொடங்கி, வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் பாதியில் மெலிந்தது.

அரைமணி நேரம் கழித்து, பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் விசாரணை. குறித்த பாதையை விட்டுச் சிலர் விலகியதாகப் புகார் வந்திருக்கிறதாம். மரக்கடைக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். டிரில் வாத்தியார் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

“பாதையை விட்டு விலகினா நீக்கணும்னு விதி. யாராவது தோல் தெருவுக்குள்ள போனீங்களா? தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?”

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். நாலு பேருடைய சட்டையில் குழாய்த் தண்ணீர் இன்னும் காயவில்லை. போனேன் என்றால் ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தத் தெருவில் குடித்தேன் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடியுமா?

“அந்தத் தெருப் பக்கமே நாங்க போகல சார்,” என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மரக்கடைக்காரர் மகளும் ஆட்டினாள்.

“நான் போனேன்,” என்றாள் வெட்டுக்கிளி. அப்போதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டுதான் நின்றாள். “குடிச்சேன். எங்க தெருக் குழாய்தான சார், அதுல குடிக்க எனக்கென்ன வெட்கம்?”

டிரில் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

வாசலில் நின்றிருந்த தபால்காரியால் பொறுக்க முடியவில்லை. “ஐயா, நான் அங்கதான் நின்னேன். இந்தப் பத்துப் பேரும் குடிச்சாங்க. இவங்கள்ல ஒருத்தருக்கு நானே செம்புல...”

“நீ ரிப்பன் கட்ட வந்தவ,” என்றார் மரக்கடைக்காரர், குரலை உயர்த்தாமல். “சாட்சி சொல்ல வரல. அந்தப் பொண்ணு தானே ஒத்துக்கிட்டா. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்றது? விதின்னா விதி.”

இப்படியாக, பொய் சொன்ன பத்துப் பேரும் ஒழுங்காக ஓடியவர்கள் ஆனார்கள். உண்மை சொன்னவள் வழி தவறியவள் ஆனாள். இரண்டாவதாக வந்தவள் முதலாவது ஆனாள். பயிற்சிப் பள்ளியில் இடமும் அவளுக்கே.

வீட்டுக்கு வந்து வெட்டுக்கிளி அழவில்லை. அழுதிருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். மறுநாள் தோல் சுரண்டப் போனாள். சாயங்காலம் மலைப் பக்கம் போகாமல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அங்கிருந்து திரும்பவும், இருட்டும் வரை ஓடினாள். ஒவ்வொரு நாளும் இதே கதை. வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். “போதும், உள்ள வா,” என்று அண்ணன் கூப்பிட்டால், “இதோ, இன்னும் ஒரு ரவுண்டு,” என்பாள். அந்த ஒரு ரவுண்டு முடிந்ததே இல்லை.

மூன்றாவது வாரம், தபால் நிலையத்தில் காலைக் கட்டைப் பிரித்தபோது அந்த உறை தபால்காரி கையில் வந்தது. நீளமான பழுப்பு உறை. பதிவுத் தபால். அனுப்பியது ஓட்டப் பயிற்சிப் பள்ளி. பெயர், மரக்கடைக்காரர் மகளுடையது. பத்து நாளில் வந்து சேர வேண்டும் என்று வெளியிலேயே முத்திரை குத்தியிருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்குக் கெட்ட எண்ணம் வந்தது. ஆறு வழியில்தான் இருக்கிறது. ஒரு கடிதம் தவறி விழுவது உலகத்தில் நடக்காததா? ஆனால் ஒன்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடத் தவறியதில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது வெட்டுக்கிளியும் வந்திருந்தாள். தபால்காரி மறைக்க நினைத்தும் முடியாமல் உறையைக் காட்டினாள். தட்டோடு நடந்துகொண்டிருந்தவள் நின்று அதைப் பார்த்தாள். கை ஈரமாக இருந்ததால் தொடவில்லை.

“கொண்டு போய்க் குடுத்துடுங்க அண்ணி. அவளும் நல்லாத்தான் ஓடுவா.” மறுபடி நடக்க ஆரம்பித்தவள் அடுப்படியிலிருந்து கேட்டாள், “இதையும் கல்லுமேலதான் வைப்பீங்களா?”

தபால்காரி பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

மேல்தெருவில் மற்ற பதினைந்து வீட்டையும் முதலில் முடித்தாள். பதினைந்து தடவை குனிந்தாள். மரக்கடைக்காரர் வீட்டுக்கு வந்ததும் குனியவில்லை. படிக்குக் கீழே நேராக நின்று, பெண்ணின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள்.

“பதிவுத் தபால்!”

மரக்கடைக்காரர்தான் வெளியே வந்தார். உறையில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வந்துடுச்சா! கல்லுமேல வைம்மா.”

“கையிலதான் குடுக்கணுங்கய்யா.”

“என்ன?”

“பதிவுத் தபாலைப் பேருக்குரியவங்க கையிலதான் குடுக்கணும். பாப்பாவை வரச் சொல்லுங்க.”

அவர் கொஞ்சம் சிரித்தார். “இத்தனை வருஷமா எப்படிக் குடுத்த?”

“இத்தனை வருஷமா தப்பாக் குடுத்துட்டேன். விதியை நானே மீறிட்டேன். அன்னைக்கு நீங்க சொன்னப்புறம்தான் புத்தி வந்துச்சு. விதின்னா விதிதானேய்யா.”

மகள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். வீட்டுக்குள்ளும் ஷூ போட்டிருந்தாள். தபால்காரியின் கண்ணைப் பார்க்காமல் உறையையே பார்த்தாள். இரண்டு படி இறங்கினாள்.

“உள்ள போ,” என்றார் அப்பா.

“எனக்குத்தான வந்திருக்குப்பா...”

“உள்ள போன்னு சொல்றேன்ல.”

அவள் போகவுமில்லை, இறங்கவுமில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் வந்து நின்றார், குவளையில் தண்ணீர் இல்லை. தபால்காரி கையை நீட்டியபடியே இருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, வேலை போய்விடும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கையை இறக்கவில்லை.

“கல்லுல வச்சிட்டுப் போறியா, இல்லையா?” மரக்கடைக்காரரின் குரல் இப்போது உயர்ந்துவிட்டது. “இல்லன்னா எங்களுக்கு வேண்டாம்! எடுத்துட்டுப் போ!”

“சரிங்கய்யா. அப்போ வாங்க மறுத்தாருன்னு எழுதிக்கிறேன்.”

பையிலிருந்து கையெழுத்துப் புத்தகத்தை எடுத்தாள். எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தாள். படிக்குக் கீழே அந்தத் தட்டைக் கல் கிடந்தது. கூழாங்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாகக் குனிந்து குனிந்து வைத்த கல். உட்கார வசதியாகத்தான் இருந்தது.

புத்தகத்தை மடியில் விரித்து, நாள் எழுதினாள், நேரம் எழுதினாள். ‘வாங்க மறுத்தால், காரணம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்கய்யா. மறுக்குறவங்க வாயாலேயே கேட்டு எழுதணும். என்னன்னு போடட்டும்?”

மரக்கடைக்காரர் வாயைத் திறந்தார். வாடை என்று சொல்ல முடியாது, உறையில் வாடை இல்லை. நாய் என்று சொல்ல முடியாது. மகள் பின்னால் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலும் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வீட்டுக்கும் தெரிந்த காரணம்தான். ஒருவர்கூட இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, காகிதத்தில் எழுதியதுமில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

“யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல,” என்றாள் தபால்காரி, பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தபடி. “எனக்கு இன்னைக்கு இதுதான் கடைசி வீடு.”